தலைவரின் புஜங்கள்

எங்கள் நல்லமணி காலனியின் ஆண்கள் ஓடத் தொடங்கிய வருஷத்தில்தான் எங்கள் நல்லமணி காலனியின் பெண்களுக்குப் புஜம் திரண்டது. அவர்கள் தின்ற தட்டை நாங்கள் கழுவினோம், அவர்கள் குளித்த குளியலறையை நாங்கள் தேய்த்தோம், அவர்கள் இழுத்த சண்டைக்கு நாங்கள் போய்ச் சமாதானம் பேசினோம், அதே வரிசையில் அவர்கள் எடுத்த தண்டாலுக்கு எங்களுக்குச் சதை வைத்தது, அவ்வளவுதான், இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே வாய்க்காலைத் தாண்டி, வங்கியிலும் மின்வாரியத்திலும் பள்ளிக்கூடங்களிலும் நாற்காலி தேய்த்தவர்கள் கூட்டாக மனை வாங்கிக் கட்டிய காலனி இது. ஒரு நாள் ரத்தப் பரிசோதனை வேன் ஒன்று வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, ஆண்கள் ஒவ்வொருவரின் விரலையும் குத்திப் பார்த்தது. வந்த சர்க்கரையையும் கொழுப்பையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் ஒரு பலகாரக் கடையே தொடங்கியிருக்கலாம். பெண்களின் விரலை யாரும் குத்தவில்லை. நாங்கள் அந்த நேரத்தில் வேனில் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தோம்.

உடனே சங்கத் தலைவர் குற்றாலலிங்கம் கூட்டம் போட்டார். கல்வித்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது கண்காணிக்காவிட்டால் சோறு இறங்காதவர், யார் வீட்டுத் துணி யார் வீட்டுப் பக்கம் சொட்டுகிறது என்று மொட்டை மாடியில் நின்று பார்க்கிறவர். நாளை முதல் காலனி ஆண்கள் எல்லாரும் காலையில் மைதானத்தில் கூட வேண்டும், ஓட வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், பளு தூக்க வேண்டும், ஆண்மை என்பது ஒரு ஒழுக்கம் என்று அவர் பேச, ஆண்கள் கைதட்ட, தட்டியதிலேயே இரண்டு பேருக்கு மூச்சு வாங்கியது.

பயிற்சி கொடுக்க ரெக்ஸ் மாஸ்டர் என்று ஒரு பையனை அமர்த்தினார்கள். தேக்குமரத்தில் இழைத்த மாதிரி உடம்பு, கழுத்தில் ஒரு விசில், கடைசித் தெரு மாடியறையில் தனியாக வாசம். மறுநாள் காலையில் நாங்கள் பெண்கள் மதில் மேல் கையை ஊன்றி வேடிக்கை பார்த்தோம். ஓட்டம் என்று அவர்கள் சொன்னார்கள். பஸ்ஸைத் தவற விட்டவர்கள் வருத்தத்தோடு வீடு திரும்புவது போலத்தான் எனக்குத் தெரிந்தது. தண்டால் என்று அவர்கள் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறவர்கள் போலப் படுத்துக் கிடந்தார்கள். டம்பெல் எல்லாருக்கும் போதாது என்று குடிதண்ணீர்க் கேனைத் தூக்கச் சொன்னார் மாஸ்டர். வீட்டில் அதே கேனைச் சமையலறை வரைக்கும் கொண்டு வைக்க இடுப்புப் பிடிப்பு என்று சொன்ன என் வீட்டுக்காரர் பூபாலன், அங்கே ஊர் பார்க்க அதைத் தலைக்கு மேல் தூக்கி, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய், மதில் பக்கம் திரும்பி நான் பார்க்கிறேனா என்று வேறு பார்த்தார்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கப் போனேன், மூடியோடு பாட்டிலின் கழுத்தும் சேர்ந்து கையில் வந்தது. சிலிண்டர் போட வருகிறவன் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான், திட்டிக்கொண்டே போய்த் தூக்கினேன், பால் பாக்கெட்டைத் தூக்குவது போல வந்தது. பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர் தன் கல்யாணப் பீரோவை, மாமியார் வைத்த மூலையிலிருந்து, தான் வைக்க நினைத்த மூலைக்கு ஒற்றை ஆளாய் நகர்த்திவிட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தெருத் தெருவாக இதே பேச்சு. ஜாக்கெட்டுக்கு ஜாக்கெட் கைத்தையல் விட்டது. முனைக்கடை டெய்லர் யாரையும் எதுவும் கேட்காமல் நல்லமணி அளவு என்று தனியாக ஒரு அளவு வைத்துக்கொண்டார். வளையல்காரர் பெரிய வளையலாகக் கொண்டுவரத் தொடங்கினார். மினி பஸ் டிரைவர் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமலே போனார், எப்படியும் ஓடிவந்து ஏறிவிடுவார்கள் என்று, ஏறினோம்.

ஆண்களோ இருந்தபடிக்கே இருந்தார்கள். அதே தொந்தி, அதே சூம்பிய கை, அதே மூச்சு. முதலில் டாக்டரிடம் போனார்கள். அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பிட்டபின் ஒன்று என்றார். பிறகு குற்றாலலிங்கம் எழுந்து ஒரு விளக்கம் கொடுத்தார். தாலி கட்டிய உரிமையில் புருஷன் சேர்க்கும் பலம் பெண்டாட்டிக்குப் போகிறது, சம்பளம் போகவில்லையா, பென்ஷன் போகப்போவதில்லையா, அதே மாதிரி இதுவும் என்றார். இந்த விளக்கம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஆண்களுக்குத் தோல்வியை எப்படிப் பதக்கமாகச் சட்டையில் குத்திக்கொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காரும் முன்னால் எங்களைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி, “ஏட்டி, கையை மடக்கிக் காமி,” என்றார்கள். நாங்கள் மடக்கினால், “பாத்தியளா, அம்புட்டும் நான் எடுத்த தண்டால்,” என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் என் புஜத்தைத் தட்டிக் காட்டினார், புதிதாக வாங்கிய மோட்டாரைத் தட்டிக் காட்டுவது போல.

எனக்கு அந்த விளக்கம் அன்றைக்கே செரிக்கவில்லை. மகளின் பேறுகாலம் பார்க்கக் கோயம்புத்தூர் போய் ஒரு மாதம் இருந்தேன். அந்த மாதம் முழுக்க இவர் இங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தார், என் தாலி என் கழுத்தில்தான் கிடந்தது, ஆனால் நாளாக ஆக என் கை இறங்கிப் பழைய கையாகிவிட்டது. திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்த வாரமே மறுபடி ஏறியது. இடைப்பட்ட மாதத்தில் இவர் மரியபுஷ்பத்திடம் அடுக்குச் சட்டியில் சாப்பாடு வாங்கித் தின்றிருந்தார். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். கான்வென்ட்டில் எங்களுக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்த சிஸ்டர், விடை கண்ணெதிரே கிடக்கும்போது கூரையைப் பார்க்கிற பிள்ளையின் விரல் முட்டியில்தான் அடிப்பார். இந்தக் காலனிக்கு அந்த சிஸ்டர் வாய்க்கவில்லை.

மரியபுஷ்பம் யார் என்று சொல்லிவிடுகிறேன். குற்றாலலிங்கத்தின் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவள், நாற்பது வயது, புருஷன் இன்னொருத்தியோடு திருப்பூர் பக்கம் போய்விட்டான். அறைக்குப் பக்கத்தில் தன் காசில் தானே இரும்புக் குழாய் நட்டு, தகரம் வேய்ந்து, தரைக்கு இரும்புத் தகடு போட்டு ஒரு சமையல் கொட்டகை வைத்திருந்தாள். தனிக்கட்டைகளுக்கும் முடியாதவர்களுக்கும் அங்கிருந்துதான் சாப்பாடு. அவளுடைய புளிக்குழம்பு வாசனை வந்தால் எங்கள் தெருவில் பேச்சு நின்றுவிடும்.

அந்தப் புளிக்குழம்பு தினமும் தலைவர் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. இது தலைவருக்கே தெரியாது. அவர் மனைவி சரோஜினி பல வருஷமாகவே அடுப்பைத் தொடுவதில்லை. அவர் மைதானத்துக்குப் போகும் நேரம் பின்கட்டு மதில் மேல் அடுக்குச் சட்டி ஏறும், சரோஜினி அதை இறக்கித் தன் பாத்திரங்களில் மாற்றி, தாளித்த மாதிரி ஒரு கருவேப்பிலையை மேலே போட்டு வைப்பாள், தலைவர் வந்து உட்கார்ந்து, என் சம்சாரத்துக் கைமணம் எவளுக்கு வரும் என்று உறிஞ்சிச் சாப்பிடுவார். என் சமையலறை ஜன்னல் நேராக அந்த மதிலைப் பார்த்திருக்கிறது. ஒரு நாள் தவறாமல் பார்த்திருக்கிறேன். வெளியே சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்று சரோஜினி மிரட்டி வைத்திருந்ததால் புஷ்பம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது பாருங்கள். காலனியிலேயே அதிகமாக ஓடியவர் தலைவர், அதிகமாகத் தண்டால் எடுத்தவரும் தலைவர், அவர் மனைவியின் கையோ முருங்கைக்காயாகவே இருந்தது. கல்யாண வீடுகளில் அவளைக் கையை மடக்கச் சொல்ல ஆளில்லை. “என்ன சரோஜினி, அண்ணாச்சி உங்களுக்கு ஒண்ணும் தரலையா?” என்று பெண்கள் கேட்டார்கள், கேட்டவர்களில் நானும் ஒருத்தி, எனக்கு அதில் நல்ல திருப்தி. அப்படி அவள் வெந்துகொண்டிருந்த நாளில், ரேஷன் அரிசி ஏற்றி வந்த ஆட்டோ சாக்கடை மூடியில் சக்கரம் சிக்கி நின்றது. புஷ்பம் வந்தாள், சேலைத் தலைப்பைச் செருகினாள், மூட்டையும் டிரைவருமாக ஆட்டோவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். முழங்கைக்கு மேலே தெருவே பார்க்க உருண்டு எழுந்தது தலைவரின் புஜம்.

காலனிக்கு உடனே விளங்கிவிட்டது. தாலி கட்டியவளுக்குப் போகவில்லை, புறக்கடையில் இருப்பவளுக்குப் போயிருக்கிறது, அப்படியானால் என்ன அர்த்தம்? பால் வாங்கும் இடத்தில், கோயில் வாசலில், வாட்ஸ்அப் குழுவில், எங்கும் அதே அர்த்தம். என்னையும் புஷ்பத்தையும் விட்டால் உண்மை தெரிந்த ஒரே ஆள் சரோஜினி. பல வருஷம் பருப்புக்கூட வேகவைக்கவில்லை என்று ஒத்துக்கொள்வதா, புருஷன் கெட்டுப்போய்விட்டான் என்று அழுவதா என்று யோசித்திருப்பாள் போல; தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தலைவர் மறுத்தார். மறுத்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும்: “சே சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல வே,” என்று கீழ்க்குரலில் சொல்லி, மீசையைத் தடவி, ஒரு மாதிரி நடந்தார். அந்த வயதில் அப்படி ஒரு பழி எல்லாருக்குமா வாய்க்கிறது? பழி அவருக்கு அத்தர் மாதிரி, அவளுக்கு மட்டும் சாணி.

மறுநாள் காலையில் புஷ்பம் என் பின்வாசலில் வந்து நின்றாள். பாதி அடுக்குச் சட்டிகள் எடுக்க ஆளில்லாமல் திரும்பியிருந்தன.

“மதினி, ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு என்னைக் காலி பண்ணச் சொல்லப் போறாவளாம்.”

“தெரியும். நீ உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?”

“நான் சொன்னா எவ நம்புவா? வீட்டுச் சாவி அவ இடுப்புல கெடக்கு. வீடு போனாக்கூட வேற பாத்துக்கிடலாம் மதினி. இந்தப் பேரோட போனா என் கையால எவளாவது சோறு வாங்குவாளா? எச்சி இலை எடுக்கக்கூட உள்ள விடமாட்டா. எனக்கு இந்த அடுப்பை விட்டா வேற என்ன தெரியும்?”

அவள் அழவில்லை. பேசிக்கொண்டே என் வாசல் கம்பியைப் பிடித்திருந்தாள், பிடித்த இடம் ஒடுங்கிப்போனது. “ஐயோ, மன்னிச்சிக்கிடுங்க,” என்று விரலால் திரும்ப நேராக்கினாள்.

“கூட்டத்துக்கு வா,” என்றேன். “மூலையில நிக்காதே. முன்னால உக்காரு.”

எங்கள் காலனியில் பொதுக்குழு என்றால் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பலகாரம் செய்து கொண்டுபோக வேண்டும். வயிற்றுக்கு ஒன்றும் இல்லாவிட்டால் கோரத்துக்கு ஆள் சேராது. அந்த ஞாயிறு என் முறை. பெரிய உருளியில் ரவை உப்புமா கிண்டி, நானே ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு சமுதாயக்கூடத்துக்குப் போனேன்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் மின்விசிறிக்குக் கீழே, நாங்கள் சுவரோரம். செயலாளர் எழுந்து, காலனியின் ஒழுக்கத்தை முன்னிட்டு வாடகைதாரர் மரியபுஷ்பம் இரண்டு நாளில் காலி செய்ய வேண்டும் என்று வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல பதிலுக்குக் காத்திராமல் உட்காரப்போனார். நான் எழுந்தேன்.

“உண்டு. பலம் தாலிக்கும் போகலை, வேற எதுக்கும் போகலை. கடைசியா யார் கையால தின்னியளோ அவங்களுக்குப் போகுது. அண்ணாச்சி பல வருஷமா தின்னது புஷ்பம் வச்ச சோறு. இதுக்கு ஒரு கூட்டம்.”

சரோஜினி துள்ளி எழுந்தாள். “யாரைப் பாத்து என்ன சொல்லுதா! என் அடுப்பைப் பழிக்காளே! கேட்டியளா, இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்கு என் கைச் சோறு தவிர வேற உண்டா?”

“ஆமா,” என்றார் தலைவர் பெருமையாக. “அவ வைக்கிற புளிக்குழம்பு மாதிரி எவளுக்கு வரும்?”

புஷ்பம் முன் வரிசையில் உட்கார்ந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ரெக்ஸ் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். “தம்பி, இத்தனை ஆம்பளைக்கும் நடுவுல உங்களுக்கு மட்டும்தான் உடம்பு உங்ககிட்டயே இருக்கு. தினமும் தின்னுதீயளே முட்டை, அதை யாரு அவிக்கா?”

“நான்தான் மேடம். ரூம்ல சின்ன ஸ்டவ் இருக்கு.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். “அது வயசு,” என்றார் ஒருவர். “முட்டையில புரோட்டீன் உண்டுல்லா,” என்றார் இன்னொருவர். தன் சோற்றைத் தானே வேகவைத்தால் பலம் தன்னிடமே நிற்கும் என்கிற செய்தி அந்தக் கூடத்தில் ஒரு காதில்கூட நுழையவில்லை. நுழைந்தால் பிறகு அரிசி களைய வேண்டியிருக்குமே.

“சரி, அண்ணாச்சி,” என்று ஒரு தட்டு உப்புமாவைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். “இது நான் கிண்டினது. தின்னுட்டு ஒரு தண்டால் எடுங்க.”

தலைவருக்குச் சபை முன்னால் தண்டால் எடுக்கச் சொன்னால் சாப்பாடு போட்டு அழைத்த மாதிரி. இங்கே சாப்பாடும் போட்டாயிற்று. தின்றார், துண்டை இடுப்பில் கட்டினார், படுத்து எழுந்தார். என் வலது ஜாக்கெட் கையின் தையல் பட்டென்று விட்டது. எல்லாருக்கும் கேட்டது.

எனக்கு அப்பாடா என்றிருந்தது, ஒரு வழியாக விளங்கிவிட்டதே என்று. அப்போது பின்வரிசையில் ஒரு குரல், ரொம்ப மெதுவாக, ரொம்ப சுவாரசியமாகக் கேட்டது: “அப்போ இந்த அம்மாவும் உண்டா?”

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். “கோகிலா, என்னட்டி இது? எத்தனை நாளா?” என்றார். தலைவர் தரையிலிருந்தபடியே மீசையைத் தடவினார்.

பொறுமை என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால் அது அந்த நிமிஷம் தீர்ந்தது. “தட்டை எடுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் ஜன்னல் கதவு ஆடியது. “ஒருத்தர் விடாம எடுங்க. ஜெபமணி டீச்சர், நீங்க அந்த வரிசைக்கு வையுங்க. தின்னாம எவரும் எந்திரிக்கப்பிடாது.” ஜெபமணி டீச்சர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வரிசையை மேய்த்தவர், கரண்டியை எடுத்தார், ஆண்கள் பிள்ளைகள் மாதிரி தட்டை நீட்டினார்கள், தின்றார்கள், ஒருவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு ரெக்ஸ் மாஸ்டர் விசிலை ஊத, நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, வேட்டியும் பேண்டுமாக, சமுதாயக்கூடத்தின் தரையில் வரிசை வரிசையாகக் காலனியே படுத்து எழுந்தது.

அது எனக்குள் வந்த விதத்தைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் நுரையும் சருகுமாக வந்து பிறகு கரை முட்ட ஓடுமே, அப்படி, விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும், பாதத்திலிருந்து இடுப்பு வரைக்கும், வங்கி மேலாளரும் மின்வாரியப் பொறியாளரும் தலைமையாசிரியரும் என்னுள் வந்து நிறைந்தார்கள். இரண்டு கையின் தையலும் முழுசாக விட்டது, வளையல்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன, நான் பிடித்திருந்த இரும்பு நாற்காலியின் முதுகு களிமண்ணாகக் குழைந்தது. நான் நிமிர்ந்து நின்று கேட்டேன்.

“இப்போ சொல்லுங்க. உங்க அத்தனை பேருமா?”

பின்வரிசைக் குரல் இருமலாக மாறிற்று. என் வீட்டுக்காரர் மெல்ல உட்கார்ந்தார், தள்ளிவிட்ட நாற்காலி அங்கே இல்லாததால் தரையில். அப்போதுதான் புஷ்பம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னால் சாய்த்து, கூரைத் தகடு அதிர ஒரு சிரிப்பு. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

பழி விலகியது என்று நினைத்தேன். தலைவர் எழுந்தார், துண்டை உதறினார், மனைவி பக்கம் திரும்பினார். “அப்போ அந்தப் புளிக்குழம்பு?”

சரோஜினி மின்விசிறியைப் பார்த்தாள். “எனக்கு முட்டு வலி,” என்றாள்.

அந்த மனிதர் முகம் விழுந்த விதத்தை என்னவென்று சொல்ல! ஒரு பெண்ணின் பேரைத் தெருவில் போட்டு மிதித்ததற்கு வராத துக்கம் ஒரு குழம்புக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் துக்கம் கோபமாகி, கோபம் மனைவி மேல் போகப் பயந்து, வழக்கமான இடத்துக்குப் போனது.

“அவ என் சத்தைத் திருடியிருக்கா!” என்று புஷ்பத்தைக் காட்டிக் கத்தினார். “நான் ஓடுனது, நான் எடுத்தது, அம்புட்டையும் நோகாமத் தின்னிருக்கா! ஒழுக்கமோ இல்லையோ, தீர்மானம் தீர்மானம்தான். ரெண்டு நாள்ல என் காம்பவுண்டை விட்டு அவளும் போகணும், அந்தக் கொட்டகையும் போகணும்.”

ஆண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கும்போது கொஞ்சம் சிரமப்பட்டார்கள், பலம் என்னிடம் இருந்ததால், ஆனாலும் தூக்கினார்கள்.

புஷ்பம் எழுந்தாள். “ரெண்டு நாளு என்னத்துக்கு, அண்ணாச்சி?” என்றாள். “இன்னைக்கே போறேன். மதினி, ஒரு கை பிடிக்கியளா?”

நாங்கள் நடந்தோம், காலனி பின்னால் வந்தது. புஷ்பம் அறையைத் திறந்து தன் துணிமணியை ஒரு பையில் போட்டு, சாவியை வாசற்படியில் வைத்தாள். பிறகு கொட்டகைக்கு வந்தாள். நான்கு குழாய்களையும் பல்லைப் பிடுங்குவது போல ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து உருவினாள். அவள் ஒரு பக்கம் குனிந்தாள், நான் ஒரு பக்கம் குனிந்தேன். தகரக் கூரையோடும், இரும்புத் தரையோடும், சாமான்களோடும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ராத்திரிக் குழம்போடும், குற்றாலலிங்கம் தினமும் ஓடியும் தன் உடம்பில் பார்க்காத பலத்தால் அந்தச் சமையற்கட்டைத் தரையிலிருந்து தூக்கினோம். மதிலுக்கு மேலே ஏற்றி, தெருவுக்குக் கொண்டுவந்து, மின்கம்பி தட்டாமல் குனிந்து வளைந்து நடந்தோம். குழம்பு சிந்தவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் மக்கள் சப்பரத்துக்கு விலகுவது போல விலகினார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

“என்னட்டி இது, எங்க கொண்டு வைக்கப் போற?” என்று பூபாலன் கூடவே ஓடிவந்தார். எங்கள் வாசலில் கார் நிற்கிற இடத்தைக் காட்டினேன். “அப்போ காரை எங்க நிறுத்த?” என்றார். ஒரு நொடி கொட்டகையைப் புஷ்பத்தின் தலையில் விட்டுவிட்டு, காரைப் பின்பக்கம் பிடித்துத் தூக்கித் தெருவோரம் திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மகன் வெளியூர் போனபின் காலியாய்க் கிடந்த மாடியறையில் புஷ்பம் பையை வைத்தாள். ராத்திரிச் சாப்பாடு வழக்கமான நேரத்துக்குப் போனது, வேண்டாமென்று நிறுத்தியிருந்த வீட்டுப் பெண்களும் அவரவர் கையாலேயே சட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

இப்போது ஆண்களுக்குச் சங்கதி தெரியும். ஒரு கிண்ணம் அரிசி, இரண்டு கிண்ணம் தண்ணீர், மூடி போட்டு ஒரு பாட்டுக் கேட்கும் நேரம் நின்றால் போதும், ஓடிய ஓட்டமெல்லாம் அவரவர் காலிலேயே தங்கிவிடும். இதைக் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். சிலர் பைபாஸ் பரோட்டாக் கடையில் தின்றுவிட்டு ஓடிப் பார்த்தார்கள். பரோட்டா மாஸ்டர் மாவை வீசினால் போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அவருக்குக் கை வந்ததுதான் மிச்சம். ஒருவர் ரெக்ஸ் மாஸ்டரிடம் முட்டை அவிக்கக் கற்கப் போய், தண்ணீர் கொதிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்: ஓட்டமும் வேண்டாம், தண்டாலும் வேண்டாம். மைதானத்தில் புல் முளைத்தது. எங்கள் கைகள் இறங்கத் தொடங்கின, சிலிண்டர் மறுபடி சிலிண்டராயிற்று.

அந்த வாரங்கள் முழுக்கச் சரோஜினி சமைத்ததைத் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றார். அதற்கு மேல் முடியாமல் ஒரு நாள் காலையில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒரு அடுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். புஷ்பம் பெரிய பானையில் சோறு வடிக்கக் குனிந்திருந்தாள். இரண்டு கையால் பிடித்தும் பானை சற்று ஆடியது. ஏறிட்டுப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். அவர் சூம்பிய காலைப் பார்த்தாள்.

“ஓடியாச்சா, அண்ணாச்சி?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “அதான் நிறுத்திட்டோம்ல.”

“அப்போ ஓடிட்டு வாங்க.”

“யம்மா, வயிறு பசிக்கி.”

புஷ்பம் அடுப்பிலிருந்து ஒரு கரண்டி குழம்பை எடுத்து அவர் உள்ளங்கையில் ஊற்றினாள். அவர் நக்கினார், கண்ணை மூடினார், கையைத் துடைக்கக்கூட மறந்து நின்றார்.

“மைதானத்தைச் சுத்தி வாங்க. நான் போதும்னு சொல்லுத வரைக்கும். மத்ததெல்லாம் பொறவு.”

சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கையில் பிடித்தபடியே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குற்றாலலிங்கம் ஓடினார். காலி அடுக்குகள் ஒன்றோடொன்று மோதிக் காலனி முழுக்கச் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டு ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வந்து நின்றார்கள், பார்த்தார்கள், உள்ளே திரும்பி அவரவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். “கேக்குதா? தட்டு வைக்கமாட்டேன், எந்திரிங்க.” ஒவ்வொருவராக வெளியே வந்து, தலையைச் சொறிந்து, புல்லுக்குள் இறங்கினார்கள். பூபாலனும் இறங்கினார்.

புஷ்பம் பானையிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டாள். மற்றக் கையால் மட்டும் அதைச் சாய்த்துக் கஞ்சியை வடித்தாள், மைதானத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.